இடப்பக்கம் மட்டும் முடிந்த கப்பல்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு இது பதில். நம் ஒன்றரை ஏக்கரை வாங்கி மனை போட ஒருவர் தயாராக இருக்கிறார், இந்த மாதத்துக்குள் சொல்ல வேண்டும், பெங்களூரில் நீ பார்த்து வைத்திருக்கும் ஃபிளாட்டுக்கு அது கைகொடுக்கும் என்றாய். "சரியா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்கப்பா" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பதில் எனக்கு ஏற்கனவே தெரியும். அதைப் போனில் சொன்னால் நீ "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய், அந்த அப்புறம் வராது. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கோபம் வந்து மூலையில் எறிந்தாலும் அது அங்கேயேதான் கிடக்கும்.

பதில் இதுதான். நிலத்தை விற்கப் போவதில்லை. பாதியை உன் தங்கை பூங்கொடியின் பெயருக்கு எழுதி வைக்கப் போகிறேன். கிணற்றுப் பக்கம் அவளுக்கு, ரோட்டுப் பக்கம் உனக்கு. விலை என்று பார்த்தால் உன் பக்கம்தான் கனம், அது உனக்கும் தெரியும். என் காலத்துக்குப் பிறகு உன் பாதியை நீ என்ன செய்தாலும் கேட்பதற்கு நான் இருக்க மாட்டேன்.

விடையை முதலில் எழுதிவிட்டேன். இது எனக்குப் பழக்கமில்லாத காரியம். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளிடம், விடை மட்டும் எழுதினால் பாதி மார்க்தான், வழிமுறை எங்கே என்று கேட்டவன் நான். என் மகனுக்கு வழிமுறை காட்டாமல் விடலாமா? ஆகவே பொறுமையாகப் படி. வழிமுறை நீ எனக்கு வாங்கி அனுப்பிய கப்பலில் தொடங்குகிறது.

நான் ஓய்வு பெற்ற புதிதில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உன் அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை நிறுத்திப் பதினேழாம் வாய்ப்பாடு கேட்பேன். ஒரே வாரத்தில் பிள்ளைகள் எல்லாம் பின்தெரு வழியாகப் போக ஆரம்பித்துவிட்டார்கள். "ஊரு புள்ளைங்களே வழிய மாத்திக்கிச்சு. இவருக்கு ஏதாச்சும் வேல குடு சாமி" என்று அம்மா உன்னிடம் அழுதாளாம். பத்து நாளில் கூரியரில் பெட்டி வந்தது. இரண்டு பாய்மரம் வைத்த கப்பல், ஒன்றரை அடி நீளம், முழுக்க மரம். மேலே படத்தில் கப்பல் அலையைக் கிழித்துக்கொண்டு போனது. உள்ளே திறந்தால் கப்பலைக் காணோம். லேசர் வெட்டிய பலகைத் துண்டுகள், ஒரு கட்டு மெல்லிய மரப்பட்டைகள், நூல்கண்டு, குண்டூசியைவிடச் சின்னதாகப் பித்தளை ஆணிகள், பாய்க்கு ஒரு முழம் துணி, ஆங்கிலத்தில் ஒரு புத்தகம்.

நீ வாங்கிக் கொடுத்தது சந்தோஷம். ஆனால் கடலே இல்லாத நம் இண்டூரில் உட்கார்ந்து கப்பல் கட்டுகிறவன் பட்ட பாட்டை நீ அறிய மாட்டாய். பால் ஊற்ற வந்தவர் எட்டிப் பார்த்து, "கப்பல எங்க வுடுவீங்க சார்? ஏரியிலயே தண்ணியக் காணமே" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா உள்ளேயிருந்து, "ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டறவங்க வயித்துல அடிக்கப் போறாரு" என்றாள். அதோடு விட்டாளா? "கட்டில் காலு ஒரு வருசமா ஆடுது, அதுக்கு ஒரு ஆப்பு அடிக்க நேரமில்ல. கப்பலு கட்டறாராம்." நான் புத்தகத்தில் அடுத்த படத்தைப் புரட்டினேன். கட்டிலுக்கு ஆப்பு அடிக்கவில்லை.

உனக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் எப்படிக் கட்டுவது என்று சொல்கிறேன். முதலில் நடுவில் ஒரு நீளப் பலகை. அதுதான் முதுகெலும்பு. அதில் வரிசையாகப் பள்ளம் வெட்டியிருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குறுக்குப் பலகையைச் செருகி ஒட்ட வேண்டும். முடித்துப் பார்த்தால் சாப்பிட்டு வைத்த மீன் முள் மாதிரி இருக்கும். பிறகு அந்த முள்ளின் மேல் மரப்பட்டைகளை ஒவ்வொன்றாக மேலிருந்து கீழ்வரை ஒட்டிக்கொண்டே போனால், அதுதான் கப்பலின் உடம்பு. பட்டை காய்ந்தபடியே வளையாது, ஒடிந்துவிடும். வெந்நீரில் ஊறப்போட்டு, சூட்டோடு சூடாகக் கப்பலின் மூக்கு வளைவுக்குப் படியவைத்து, பசை தடவி, காய்கிற வரை துணி கிளிப் போட்டுப் பிடித்திருக்க வேண்டும். ஊறப்போட நீளமான பாத்திரம் இல்லாமல் இட்லிப் பானையில் ஆவி காட்டினேன். இட்லியில் மரவாசனை என்று அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கொடியில் கிளிப் இல்லாமல் துணி பறந்து பக்கத்து வீட்டுக்குப் போனதற்கும் நான்தான் காரணம்.

முள்ளை முடிக்க ஒரு மாதம் ஆயிற்று. பட்டை ஒட்டும் வேலையை எடுத்தபோதுதான் என் தொழில் என்னைக் கெடுத்தது. என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு, நீயும் அதில் படித்தவன்தான். எடுத்த பயிற்சியை முடிக்காமல் அடுத்த பயிற்சியைத் தொடக் கூடாது. அரைகுறையாக இரண்டு செய்வதைவிட முழுதாக ஒன்று. கப்பலிலும் அதையே செய்தேன். இடது பக்கத்தை எடுத்தேன், மேலிருந்து அடிவரை ஒரு பட்டை விடாமல் ஒட்டி முடித்தேன். பதினொரு நாள். மணல் தாள் போட்டுத் தேய்த்துக் கையால் தடவிப் பார்த்தால் வழவழவென்று இருந்தது. வலது பக்கம் முள் முள்ளாக நின்றது. அதற்கென்ன, இதை முடித்தாயிற்று, இனி அது என்று நினைத்துக்கொண்டேன். இடப்பக்கத்தைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ கட்டைவிரல் பொம்மை போட்டு, "சூப்பர்ப்பா" என்று அனுப்பினாய். நம் இருவருக்குமே அதில் ஒன்றும் தெரியவில்லை.

ஆடிப் பதினெட்டுக்குப் பூங்கொடி புருஷன் ஊரான ஏரியூரிலிருந்து வந்தாள். ஒரு கூடைத் தக்காளியை இறக்கி வைத்துவிட்டு, கை கழுவி, மேஜைக்கு வந்தாள். பக்கவாட்டில் நின்று பார்க்கவில்லை அவள். கப்பலின் மூக்குக்கு நேராகக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். வயலில் வரப்பு நேராக ஓடுகிறதா என்று பார்ப்பார்களே, அப்படி.

"அப்பா, இது கோணிக்கிட்டுப் போவுதுப்பா."

"எங்க கோணல்? அளந்து அளந்து ஒட்டியிருக்கறேன்."

"அங்க நின்னா தெரியாது, இங்க வந்து பாருங்க. வாழப்பழமாட்டம் வளைஞ்சிருக்குது."

போய்க் குனிந்தேன். முதுகெலும்புப் பலகை இடது பக்கமாக நன்றாகவே வளைந்திருந்தது. ஊறிய பட்டைகள் காயும்போது இறுகி இழுக்கும். வலது பக்கத்திலிருந்து எதிர்த்து இழுக்க ஒன்றும் இல்லாவிட்டால் முதுகு எந்தப் பக்கம் போகும்?

"ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் தான ஒட்டணும்?" என்றாள். "நாங்க மொபெட்ல தக்காளிக் கூடயக் கட்டறப்ப இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னுதான் மாட்டுவோம். ஒரு பக்கமே எல்லாத்தயும் மாட்டிப்புட்டு அப்பறமா அந்தப் பக்கம் போனா, அதுக்குள்ள வண்டி படுத்துக்கும்."

"அந்தப் பக்கத்தயும் ஒட்டிட்டா நிமிந்துக்கும்."

"எப்படி நிமிரும்? வளைஞ்சாப்பல காஞ்சு போச்சே. ஏம்ப்பா, புஸ்தகத்துல போட்டிருக்கும்ல? படிக்கலயா நீங்க?"

போட்டிருந்தது. அவள் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். தடித்த எழுத்திலேயே போட்டிருந்தது, இடதில் ஒன்று ஒட்டினால் உடனே வலதில் ஒன்று என்று. படத்தைப் பார்த்தால் போதும், எழுத்தைப் படிக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தவன் நான்தான். அம்மா ஒரு வழி சொன்னாள். "வளைஞ்ச பக்கத்தச் சுவத்துப் பக்கமாத் திருப்பி ஷெல்புல வெச்சிருங்க. யாரு வந்து மூக்குல கண்ண வெச்சுப் பாக்கப் போறா?" அது கெட்ட யோசனை இல்லை. ஒரு நாள் முழுக்க நானும் அப்படியே செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

மறுநாள் பிரிக்க ஆரம்பித்தேன். வெந்நீரில் நனைத்த துணியைப் பட்டையின் மேல் போட்டு, பசை இளகுகிற வரை காத்திருந்து, பிளேடை உள்ளே விட்டு மெல்ல நெம்ப வேண்டும். அவசரப்பட்டால் பட்டை கிழியும். ஒட்டப் பதினொரு நாள் ஆனது, பிரிக்க இருபத்து மூன்று நாள் ஆயிற்று. ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ. வெந்நீர்த் துணி வேலை செய்கிற வரைக்கும் கைக்கு வேலை இல்லை, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்தால் மனசு சும்மா இருக்குமா, கண்ணு?

உன்னை நினைத்தேன். நீ பத்தாவது படித்தபோது, "மொதல்ல இவன முடிச்சுருவோம்" என்று அம்மாவிடம் சொன்னேன். தருமபுரியில் டியூஷன், நல்ல பள்ளிக்கூடம், பிறகு இன்ஜினியரிங், விடுதி. அதில் ஒன்றுக்கும் நான் வருத்தப்படவில்லை. நீ உழைத்தாய், மேலே போனாய். ஆனால் அந்த வாக்கியத்துக்கு ஒரு இரண்டாம் பாதி இருந்தது. "அப்பறமா அவளப் பாத்துக்கலாம்." அந்த அப்புறம் வந்தபோது பூங்கொடி வேளாண்மை படிக்கிறேன் என்றாள். அவளைத் தவிர வேறு யார் அதைக் கேட்டிருக்க முடியும்? போர்க் கிணறு வற்றிய வருடம், மஞ்சள்தான் போடுவேன் என்று நான் நின்றபோது, "தண்ணி எங்கருந்து வரும்? வாய்ப்பாட்டுலருந்தா?" என்று கேட்டு, பாதியில் சாமையும் பாதியில் கொள்ளும் விதைக்க வைத்தவள் அவள். பதினாறு வயது அப்போது. மஞ்சள் போட்டவர்கள் எல்லாம் கையைப் பிசைந்தார்கள், நம் வீட்டில் சாமை இருந்தது. அப்படிப்பட்ட பெண்ணை, வீட்டு வாசலில் பஸ் நிற்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, பக்கத்துக் கல்லூரியில் கணக்குப் படிக்க அனுப்பினேன். அவள் மூன்று வருடம் படித்துப் பாஸ் செய்தாள். இன்று வரை அதை ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை.

இதெல்லாம் நீ அறிந்ததுதான். இனி சொல்வது முழுதாக உனக்குத் தெரியாது. அவள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு, நீ வெளிநாட்டில் வேலையில் இருந்தாய். உன் பெரியப்பா வந்து உட்கார்ந்து, "தம்பி, கண்ணாலத்துக்கு முந்தியே புள்ளகிட்ட கையெழுத்து வாங்கிரு. மாப்ள வூடு நல்ல வூடுதான், இருந்தாலும் நாளைக்கே ஒரு வாயி பங்கு கேக்கும். நாங்கெல்லாம் அப்படித்தான் செஞ்சோம்" என்றார். நம் பக்கத்தில் அது வழக்கம்தான். பூர்வீக நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று பெண் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மணவறைக்குப் போகும். பதிலுக்குச் சீர் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்வோம். நானும் சரி என்றேன். நகைக்கடைக்குப் போகிற வழியில் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போனேன். புதுப்புடவை எடுத்த பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பத்திரத்தை நீட்டியதும் வாங்கி முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள்.

"என்னாதுப்பா இது?"

"ஒண்ணுமில்லம்மா, வழக்கமா போடறது."

"படிச்சிட்டுப் போடறேனே."

"நேரமாவுது, நகைக்கட மூடிருவான். போடு."

போட்டாள். ஐந்து இடத்தில் போட்டாள். கடைசிப் பக்கத்தில் என் விரல் இருந்த இடத்துக்கு நேராக.

கண்ணு, நான் ஒரு வாத்தியார். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடும் அப்பா அம்மாக்களைக்கூட உட்காரவைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டியவன். என் பெண் படிக்கிறேன் என்று வாயைத் திறந்து கேட்டபோது, நேரமாகிறது என்றேன். நகைக்கடை அன்றைக்கு இரவு ஒன்பது மணி வரை திறந்திருந்தது. வழக்கம், பெரியப்பா, மாப்பிள்ளை வீடு என்று நான் எதைச் சொன்னாலும் இந்த ஒரு பொய் என்னுடையது. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பட்டைகளை எல்லாம் எடுத்த பிறகும் முதுகு முழுதாக நிமிரவில்லை. நனைத்து, இரண்டு சமமான பலகைக்கு நடுவில் வைத்து, மேலே கேழ்வரகு மூட்டையை ஏற்றிப் பத்து நாள் விட்டேன். ஒன்பது பட்டைகள் பிரிக்கும்போதே உடைந்துவிட்டன. நல்லம்பள்ளியில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் மாதேஷிடம் போனேன். எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்கில் தோற்றவன், இன்றைக்கு நூலளவு வித்தியாசத்தைக் கண்ணாலேயே பிடிக்கிறான். முள்ளாக இருந்த கப்பலைப் பையிலிருந்து எடுத்ததும், "என்னா சார் இது, ஓணானுக்குக் கூண்டா?" என்றான். நடந்ததைச் சொன்னேன். சிரித்தான். "நாங்க தப்பாப் போட்டா பெரம்பால அடிப்பீங்களே சார், இப்ப ஒங்கள யாரு அடிக்கறது?" என்று கேட்டுக்கொண்டே, தேக்கில் ஒன்பது பட்டை சீவிக் கொடுத்தான். மற்றப் பட்டைகளைவிடக் கொஞ்சம் கறுப்பு. எங்கே பிரித்தேன் என்று பார்க்கிற யாருக்கும் தெரியும். தெரியட்டும் என்றுதான் அதற்கு வண்ணம் அடிக்கவில்லை.

முதுகு மூட்டைக்கு அடியில் இருந்த அந்தப் பத்து நாளில் ஒரு நாள் ஏரியூருக்குப் பஸ் ஏறினேன். பூங்கொடி காட்டில் தக்காளிச் செடிக்குக் குச்சி ஊன்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் சொந்த நிலம் இல்லை அது, குத்தகைக் காடு. இரண்டு வருடத்துக்கு உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டு, கல் பொறுக்கி, மண்ணைச் சோறு மாதிரி ஆக்குவார்கள். மண் நன்றாக ஆனதும் காட்டுக்காரருக்குத் தானே உழ ஆசை வந்துவிடும். இது மூன்றாவது காடு. தை மாதத்தோடு விட்டுவிடச் சொல்லியிருக்கிறாராம். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை, மாப்பிள்ளை டீ வாங்கப் போகும்போது சொன்னார். நான் வரப்பில் உட்கார்ந்து, அப்பா சேதி சொல்கிற குரலில் சொன்னேன்.

"பூங்கொடி, நம்ம நெலத்துல பாதிய ஒன் பேருக்கு எழுதலாம்னு இருக்கறேன்."

கயிறு கட்டுவதை அவள் நிறுத்தவில்லை. "வேணாம்ப்பா."

"ஏன் வேணாம்?"

"நான் கையெழுத்துப் போட்டது போட்டதுதான். அண்ணனுக்குன்னு ஆயிருச்சு. இப்ப எதுக்கு அதக் கெளர்றீங்க?"

"நான் செஞ்சது தப்பு. ஒன்னப் படிக்க வுடல."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "அன்னைக்குப் படிக்க வுட்டிருந்தாலும் நான் போட்டிருப்பேன்ப்பா. முழுசாப் படிச்சிட்டு, ஒங்களுக்காகப் போட்டிருப்பேன். என்னக் குடுக்க வுடாம நீங்களா எடுத்துக்கிட்டீங்க பாருங்க, அதான்..." என்று சொல்லி, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். அடுத்த செடிக்குப் போனாள். நான் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

பஸ் ஏற்றிவிட வந்தபோது அவளே பேச்சை எடுத்தாள். "அண்ணன் வந்து பக்கத்துல நின்னா வர்றேன். இல்லேன்னா நீங்க வக்கீலக் கூட்டியாந்தாலும் நான் பத்திர ஆபீசுப் படி ஏற மாட்டேன். நெலத்துக்காக அண்ணன வுட்டவளுன்னு பேரு எனக்கு வேணாம். காடு இன்னொண்ணு கெடைக்கும்." இதைச் சொல்லும்போது உன்மேல் ஒரு சொட்டுக் கோபம் அவள் குரலில் இல்லை. சின்ன வயசில் நீ சைக்கிள் பின்னால் உட்காரவைத்து அவளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போனதை இன்றைக்கும் தன் பிள்ளைகளுக்குச் சொல்கிறாள்.

நீ கெட்டவன் என்று நான் எழுதவில்லை, அப்படி எடுத்துக்கொள்ளாதே. உன் பக்கத்தில் எல்லாவற்றையும் அடுக்கியவன் நான். அடுக்கியபோது நீ பிள்ளை. வளைவு உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, நீ நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எல்லாம் வழவழவென்றுதான் இருந்திருக்கும். இப்போது மூக்குக்கு நேரே வந்து பார் என்று கூப்பிடுகிறேன், அவ்வளவுதான். உனக்கும் இரண்டு பிள்ளைகள். ஒன்றை முடித்துவிட்டு ஒன்றைப் பார்க்கலாம் என்று உன் வாயில் எப்போதாவது வந்தால், அந்த வாக்கியத்தை அங்கேயே நிறுத்து. ஒரு நாளைக்கு இவனிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அன்றைக்கே அவளிடமும் அரை மணி நேரம் உட்கார். வேலை மெதுவாகத்தான் நடக்கும். நான் இப்போது அப்படித்தான் ஒட்டுகிறேன், இடதில் ஒன்று, வலதில் ஒன்று. வலது பக்கத்து நாலாவது பட்டையில் இருக்கிறேன். தினமும் குனிந்து மூக்குக்கு நேரே பார்க்கிறேன். இதுவரை நேராக இருக்கிறது.

வக்கீலிடம் கேட்டுவிட்டேன். சட்டப்படி உன் சம்மதம் தேவையில்லை, என் பங்கிலிருந்து நான் எழுதலாம். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இது நின்றுவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம், உயிலும் எழுதிப் பதிந்தாயிற்று. ஆனால் நான் போன பிறகு ஒரு காகிதத்திலிருந்து அவள் அதை எடுத்துக்கொள்வதை நான் விரும்பவில்லை. நான் இருக்கும்போதே, நீ பக்கத்தில் நிற்கும்போதே, அவள் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படித்து வாங்கிக்கொள்ள வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. சாட்சிக்கு ஒரு இடத்தில் மாதேஷ் போடுகிறான். இன்னொரு இடம் உனக்கு. கோபம் இருந்தால் கோபத்தோடு வா. வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வா. மனை போடக் கேட்டவருக்கு நிலம் விற்பனைக்கு இல்லை என்று நானே சொல்லியனுப்பிவிட்டேன், அந்தச் சங்கடத்தை உன்மேல் போடவில்லை. ஃபிளாட்டுக்கு வேறு வழி பார்க்கலாம். அதற்கு நானும் உன்னோடு உட்கார்ந்து யோசிக்கிறேன், அது தனிக் கணக்கு.

வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பத்திர ஆபீசில் இருப்பேன். நீ வராவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்க விட மாட்டேன். அடுத்த புதன்கிழமை திரும்பவும் போய் உட்காருவேன். அதற்கு அடுத்த புதனும். ஒரு கணக்கை ஒரு பிள்ளை போட்டு முடிக்கிற வரை பக்கத்தில் நின்று பழகியவன் நான், எனக்குக் கால் வலிக்காது.

கிளம்பும்போது எனக்குச் சொல்ல வேண்டாம். பூங்கொடியைக் கூப்பிட்டு, "பஸ் ஏறிட்டேன்" என்று மட்டும் சொல். அவள் கிளம்பிவிடுவாள்.

அப்பா